மல்லாட்டையும் பொருள்தான், பொருளெல்லாம் மல்லாட்டையா?

கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிப் பிழைக்கிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: நாம் செய்த தப்பை, நாம் இல்லாத ஊரில், நாம் சோற்றில் கை வைக்கிற நேரத்தில், முன்பின் தெரியாத யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். நீங்களும் இந்தத் தொழிலில் இருப்பவர் என்றால் இதற்குள் தலையை ஆட்டியிருப்பீர்கள். இல்லை என்றாலும் கூடவே வாருங்கள். திட்டு வாங்குவது எல்லாத் தொழிலுக்கும் பொதுதானே.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் நடந்தவை இவை. நான் வளவனூர்க்காரி. கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்த கையோடு, விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில் சேகர் அண்ணன் நடத்திவந்த கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். கடையில் அவரும் நானும்தான். கடைக்குக் கிடைத்திருந்த பெரிய வேலையும் ஒன்றே ஒன்றுதான்: திண்டிவனத்தில் ஒரு தானிய மண்டிக்கு எடைச்சீட்டு போடுகிற நிரல். அதைத் தூக்கி என் தலையில் வைத்தார்.

பங்குனியில் மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பெயர்) சீசன் திறக்கிற நாளில் நிரல் ஒழுங்காக ஓடினால் எனக்கு வேலை நிரந்தரம், ஓடாவிட்டால் நான் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சேகர் அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த வேறு இடத்தை என் அப்பா ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். புதுச்சேரியில் மாமாவின் ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை, மதியச் சாப்பாடு மாமா வீட்டிலேயே. மாமா மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் எழுதியதை ஒரு இயந்திரம் கேட்டு நடக்கிற அந்தச் சந்தோஷம் எனக்குப் பழகிப்போயிருந்தது. அதை விட்டுவிட்டு வேட்டி பார்டரின் விலையைத் தட்டிக்கொண்டிருக்க என்னால் முடியாது என்று நன்றாகத் தெரிந்தது.

பாரம் என்றால் பாரம்

மண்டி முதலாளி ரங்கசாமிக்கு என் திட்டத்தை விளக்கியாக வேண்டும். அவர் சரி என்றால்தான் வேலை தொடங்கும். அவர் அப்பா ஐம்பதுகளில் ஆரம்பித்த மண்டி அது. அறுபதுகளில் அரை டிராயரோடு சாக்குகளின் மேல் ஏறி விளையாடியவர் அதே சாக்குகளுக்கு முதலாளியாகி உட்கார்ந்திருந்தார். நான் ஒரு தாளில் மேலே பெரிதாக ஒரு கட்டம் போட்டு "பொருள்" என்று எழுதினேன். கீழே நாலு கட்டம்: மல்லாட்டை, நெல், எள்ளு, கேப்பை. மேலே இருப்பது தாய் வகுப்பு, கீழே இருப்பவை பிள்ளைகள் என்றேன். கொண்டுவந்தவர் பெயர், ஊர், எடை எல்லாம் தாயிடம் இருக்கும். மல்லாட்டைக்கு ஈரமும் சொத்தையும், நெல்லுக்குப் பதர் என்று அவரவர் தனிக் குணம் பிள்ளைகளிடம் இருக்கும். எடை வரிசையில் நிற்கும்போது மட்டும் எல்லாவற்றையும் "பொருள்" என்றே நிறுத்திவைப்பேன், பிள்ளையைத் தாயாகப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

இந்த ஒரு பாடத்தைக் கல்லூரியில் நாள்கணக்காக நடத்தினார்கள், பாதி வகுப்பு தூங்கியது. முதலாளி டீ கிளாஸைக் கீழே வைக்காமலே மூலையில் இருந்த எடை மிஷினைக் காட்டினார். "அதுக்கு இன்னா தெரியும் பாப்பா, உள்ள இருக்கிறது எள்ளா நெல்லான்னு? அது மேல எத வெச்சாலும் பாரம்தான். நீ எழுது, போ."

சுற்றி வந்தால் கிடைக்கும்

மேலே ஏற்றுவது சுலபம். வினை எல்லாம் கீழே இறக்குவதில்தான். எடை போட்டு முடிந்ததும் வரிசையில் இருக்கிற "பொருளை" வெளியே எடுத்து, "நீ மல்லாட்டைதானே, உன் ஈரம் எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். அதாவது தாயாகப் பார்த்ததை மறுபடியும் பிள்ளையாகப் பார்க்க வேண்டும். நான் நிரல் எழுதிய ஜாவா மொழியில் அதற்கு ஒரு வழி உண்டு. அடைப்புக்குறிக்குள் "மல்லாட்டை" என்று எழுதி முன்னால் வைத்தால் போதும், "நான் சொல்கிறேன், இது மல்லாட்டை, நம்பு" என்று அர்த்தம்.

ஒரு நாள் கடையில் விளையாட்டாக நெல்லைப் பிடித்து நேராக மல்லாட்டையாக்கப் பார்த்தேன். நிரலை முதலில் படித்துப் பார்த்து இயந்திரத்துக்குப் புரியவைக்கிற கம்பைலர் முகத்தில் அடித்தது போல முடியாது என்றது. அண்ணன் தம்பியை ஆள் மாற்ற முடியாது, சரி. பிறகு அதே நெல்லை முதலில் பொருளாக்கி, அந்தப் பொருளை மல்லாட்டை என்று சொல்லிப் பார்த்தேன். கம்பைலர் கமுக்கமாக ஒப்புக்கொண்டது. அப்பாடா என்று நிரலை ஓடவிட்டால், அந்த வரிக்கு வந்ததும் கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன் என்று கத்திவிட்டுச் செத்துப்போனது. நிரல் எழுதியவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகவே பரிச்சயம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: நம் பேச்சை நம்பி வந்தவர் நேரில் பார்த்ததும் போடுகிற சத்தம் அது.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சேகர் அண்ணன் சிரித்தார். "நேரா கேட்டா தரமாட்டான். சுத்தி வந்து கேட்டா குடுத்துடுவான், அப்பறம் பாரு, ஊரையே கூட்டிடுவான்."

எப்படிக் கூப்பிட்டாலும்

மாதிரி நிரலை மண்டியில் காட்டியபோது திரையில் எல்லா வரியிலும் "பொருள்" என்றே இருந்தது. முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மல்லாட்டைக்குக் கழிவு போடுகிற கணக்கு வேறு, நெல்லுக்கு வேறு. எல்லாவற்றையும் பொருள் என்று கூப்பிட்டால் கம்ப்யூட்டர் பொதுவாக ஒரு கழிவைப் போட்டு யார் வயிற்றிலாவது அடித்துவிடுமோ என்று பயந்தார். நியாயமான பயம்தான். புத்தகத்தில் படித்தபோது எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

நான் இரண்டு மூட்டைகளுக்குக் கணக்கு போட்டுக் காட்டினேன். இரண்டையும் பொருள் என்றுதான் கூப்பிட்டேன். ஆனால் மல்லாட்டை மூட்டை தன் கழிவையும் நெல் மூட்டை தன் கழிவையும் சரியாகச் சொல்லின. தாய் பெயரில் கூப்பிட்டாலும் பிள்ளை தன் வழக்கத்தைத்தான் செய்யும் என்றேன். முதலாளி கணக்கை விரல்விட்டுச் சரிபார்த்துவிட்டு முகம் தெளிந்தார். "எங்க அம்மா தம்பின்னும், இங்க மொதலாளின்னுவாங்க, மச்சான் ஊட்ல மாமாம்பாங்க. எப்படி கூப்புட்டாலும் நான் டீயில சக்கர கம்மியாத்தான் போட்டுக்குவேன். அதான சொல்ற?"

அதைத்தான் சொன்னேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்கு அந்த டீயை வைத்துத்தான் இந்தப் பாடத்தை விளக்கியிருக்கிறேன், அவருக்கு நன்றி. அன்று டீ கொண்டுவந்தவர் மட்டும் போகிற போக்கில் சொன்னார்: "கம்மின்னா எவ்ளோன்னு யாராச்சும் சொல்லுங்கப்பா, தெனமும் திட்டு எனக்குத்தான் வுழுது."

அமுதா அக்காவின் சுருக்கு வழி

மண்டியில் கம்ப்யூட்டர் முன் உட்காரப் போகிறவர் அமுதா அக்கா. டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர், விரல்கள் காற்றாய்ப் பறக்கும். பழகிப் பார்ப்பதற்காக, சீசனுக்கு முன்னமே வருகிற சில்லறை மூட்டைகளுக்குப் போடச் சொல்லி, மாசி மாதம் முழுக்க அவரிடம் நிரலைக் கொடுத்திருந்தேன். மூட்டை உள்ளே வந்ததும் வகை என்ன என்று திரை கேட்கும். மல்லாட்டை, நெல், எள்ளு, கேப்பை, கடைசியில் "மற்றவை". இரண்டாம் நாளே போன் வந்தது, நிரல் செத்துவிட்டது என்று. மறுநாளும் வந்தது. நான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் சைக்கிள் கடையில் போன் அடிக்கும் என்று கீழே பந்தயமே கட்டினார்கள்.

திண்டிவனத்துக்குப் போய்ப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. எல்லா மூட்டைக்கும் அமுதா அக்கா "மற்றவை" என்றே தட்டியிருந்தார். மற்றவை என்று தட்டினால் அந்த மூட்டை எந்தப் பிள்ளையும் இல்லாமல் வெறும் பொருளாகவே பிறக்கும். பிறகு ஈரம் பார்க்கிற இடத்தில் என் நிரல் அதை மல்லாட்டை என்று நம்பிக் கூப்பிடும், அங்கே விழுந்துவிடும். சாக்குக்குள் இருந்தது அசல் மல்லாட்டை, கம்ப்யூட்டருக்குள் இருந்தது வெறும் பொருள். பிள்ளையாகப் பிறந்து தாயாக நிற்பதை மறுபடி பிள்ளையாக்கலாம். தாயாகவே பிறந்ததைப் பிள்ளையாக்க எந்தச் சாமியாலும் முடியாது.

"ஏன் அக்கா எல்லாத்துக்கும் மற்றவை?" என்றேன். கடைசி வரி என்பதால் மேல் அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினால் நேராக அங்கே போய்விடுகிறதாம், ஜல்தியாக முடிகிறதாம். மற்றவை என்று தட்டினால் "நிச்சயமா?" என்று ஒரு கேள்வி கேட்கும்படி மாற்றினேன். எடுத்தே விடலாம் என்றபோது முதலாளி எதற்கும் இருக்கட்டும் என்றார். அமுதா அக்காவுக்குக் கோபமில்லை, ஆனால் தோற்றுப்போகவும் மனமில்லை. "சாக்க மோந்து பாத்தாலே தெரியும் மல்லாட்டைன்னு. உன் கம்ப்யூட்டருக்கு மூக்கு வெக்காதது என் குத்தமா?"

போர்த்தி வைத்த பிழை

நிரல் அடிக்கடி சாகிறது என்றதும் சேகர் அண்ணன் ஒரு கைவைத்தியம் சொன்னார். பிழை வருகிற இடத்தைச் சுற்றி, "பிழை வந்தால் பிடித்துக்கொள், ஒன்றும் செய்யாதே, மேலே போ" என்று எழுதிவிடுவது. நம் தொழிலில் இந்த வைத்தியத்தைச் செய்யாதவர்கள் கையைத் தூக்குங்கள். ஒருவரும் தூக்க மாட்டீர்கள். நிரல் அதற்குப் பிறகு சாகவே இல்லை. இரண்டு நாள் போனும் வரவில்லை. நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன், அண்ணன் தன்னை மெச்சிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மண்டியில் நான் இருந்தபோது பெருமுக்கல் பக்கத்திலிருந்து சரோஜா அம்மா வந்திருந்தார். சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்து மல்லாட்டை போடுகிறவர். பழைய பழக்கத்தில் அமுதா அக்கா அவருடைய மூட்டைகளில் ஒன்றை மற்றவை என்று போட்டிருந்தார், "நிச்சயமா?" என்று கேட்டதற்கும் ஆமாம் என்று தட்டியிருந்தார். நிரல் பிழையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு அந்த மூட்டையைச் சீட்டில் ஏற்றாமலே விட்டுவிட்டது. இயந்திரத்தில் அடித்து வந்த சீட்டு என்பதால் அமுதா அக்காவே அதைத்தான் நம்பினார், வராத மூட்டையைச் சொல்கிறாரோ என்று சரோஜா அம்மாவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் உட்கார்ந்து தேடி, விழுங்கிய இடத்தைக் காட்டி, போர்வையைக் கிழித்தெறிந்து, மல்லாட்டை என்றே மறுபடி தட்டிய பிறகுதான் மூட்டை சீட்டில் ஏறியது.

அந்த அம்மா எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. மடியில் இருந்து வேகவைத்த மல்லாட்டையை எடுத்து எனக்கும் அமுதா அக்காவுக்கும் கொடுத்தார். அந்த மல்லாட்டையை வாங்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை இப்போது சொல்வதில் வெட்கம் இல்லை. அவர் சொன்னது இதுதான்: "பஸ்லேர்ந்து எறக்கி என் தலைலதான் தூக்கிக்கினு வந்தேன் கண்ணு. மூட்ட வந்துச்சா இல்லியான்னு சீட்டுக்குத் தெரியாட்டி போவுது, என் கழுத்துக்குத் தெரியாதா?"

எந்த பஸ்?

அடுத்த நாள் காலை விழுப்புரத்தில் அவசரமாக பஸ் ஏறினேன். முன் பலகையில் திண்டிவனம் என்று பார்த்ததோடு சரி. மண்டி நிறுத்தத்தில் எழுந்து நின்றால் பஸ் நிற்காமல் பறக்கிறது. நிறுத்துங்கள் என்று கத்தினேன். கண்டக்டர் ஒரு கையில் டிக்கெட் கட்டும் இன்னொரு கையில் கம்பியுமாக என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எக்ஸ்பிரஸ் பஸ், அது பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கும். டவுன் பஸ் செய்கிற காரியத்தை எல்லா பஸ்ஸிடமும் எதிர்பார்த்து நான் எழுந்து நின்றிருக்கிறேன். "பஸ்ஸான்னு பாத்து ஏறிட்ட. எந்த பஸ்ஸுன்னு ஒரு வார்த்த கேட்டியாம்மா?"

கேட்பதற்கும் ஜாவாவில் வழி இருந்தது. இன்ஸ்டன்ஸ் ஆஃப் என்று பெயர், "நீ இதில் ஒருவரா?" என்பது அதன் அர்த்தம். கீழே இறக்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் வம்பே இல்லை. பஸ் ஸ்டாண்டில் இருந்து வெயிலில் திரும்பி நடந்து வந்த கையோடு எல்லா இடத்திலும் எழுதினேன். மல்லாட்டையா? இல்லையா? சரி, நெல்லா? அதுவும் இல்லையா? எள்ளா? அதுவும் இல்லாவிட்டால் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, ஆகவே கேப்பை. அந்தந்த வகையே தன் சீட்டைத் தானே அடிக்கும்படி எழுதியிருக்கலாமே என்று கேட்கிற புத்திசாலிகளுக்கு: அப்போது எனக்கு வயது இருபத்தொன்று. எழுதி முடித்ததை சேகர் அண்ணனிடம் காட்டினேன். அவர் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுச் சொன்னார்: "சூப்பர். இனிமே எது வந்தாலும் மாட்டிக்கினு முழிக்காது."

முதல் எடை

பங்குனியில் சீசன் திறந்தார்கள். விடிந்ததும் மண்டி வாசலில் மாட்டு வண்டியும் டிராக்டரும் மினி லாரியும் நின்றன. சேகர் அண்ணன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, குங்குமத்தை மானிட்டரில் வைத்திருந்தார்கள். அப்போதுதான் வாசலில் வாயைத் திறந்து வைத்திருந்த ஒரு சாக்கைப் பார்த்தேன். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் தன் மூட்டையில் கையை விட்டு ஒரு கை அள்ளி அதில் போட்டார்கள். மல்லாட்டை கொண்டுவந்தவர் மல்லாட்டை, நெல் கொண்டுவந்தவர் நெல், எள்ளுக்காரர் எள்ளு. அது சாமி மூட்டையாம். முதலாளியின் அப்பா காலத்து வழக்கம். சீசனின் முதல் எடை அதற்குத்தான், பிறகு பெண்கள் உட்கார்ந்து வகை பிரிப்பார்கள், பெருமுக்கல் மலைக் கோயில் அன்னதானத்துக்குப் போகும். இத்தனை மாதத்தில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

சூடம் கொளுத்தி, சாமி மூட்டையை மிஷினில் வைத்தார்கள். அமுதா அக்கா வகை என்னவென்று கேட்டார். சாமி மூட்டைக்கு வகை ஏது என்றார் முதலாளி. மற்றவை என்று தட்டினார், நிச்சயமா என்றது, ஆமாம் என்றார். மல்லாட்டையா, இல்லை. நெல்லா, இல்லை. எள்ளா, இல்லை. ஆகவே கேப்பை என்று என் நிரல் போய் விழுந்தது. மாலை போட்ட மானிட்டரில், குங்குமத்துக்குக் கீழே, கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன். முதல் எடை தடைப்பட்டால் சீசனே தடைப்படும் என்று நினைக்கிறவர்கள் அவர்கள். என் வேலை போனது, மாமா கடை வந்தது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

சேகர் அண்ணன் என் காதருகில், மல்லாட்டை என்று மாற்றிப் போட்டுவிடு, சீட்டு வந்துவிடும் என்றார். அது முதலாளி காதிலும் விழுந்துவிட்டது. வேண்டாம் என்றார். மல்லாட்டை என்று சீட்டு போட்டால் நெல்லு போட்டவன் கை எங்கே போனது என்று கேட்டார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் பழைய சீட்டுப் புத்தகம் தயாராக இருந்தது, கையால் எழுதி அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். எழுதியிருந்தால் என் கதை அன்றோடு முடிந்திருக்கும். கொஞ்ச நேரம் கொடுத்தால் சரி செய்கிறேன் என்றேன். முதலாளி வாசலைப் பார்த்து, வெயில் ஏறுகிறது, நிற்கிறீர்களா, கையால் எழுதட்டுமா என்று கேட்டார். கூட்டத்திலிருந்து சரோஜா அம்மாவின் குரல் வந்தது. "மழைக்கு நின்னுருக்கோம், கரண்டுக்கு நின்னுருக்கோம், லாரிக்கு நின்னுருக்கோம். இந்தப் பொண்ணுக்கு நிக்க மாட்டமா? நீ பாரும்மா."

சாமிக்குச் சீட்டு

கைப்பையில் நிரலின் பிளாப்பி இருந்தது. உட்கார்ந்தேன். முதல் இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. பின்னால் பீடி வாசனையும் பேச்சுமாக ஊர் நடந்துகொண்டிருந்தது. அமுதா அக்கா தன் முந்தானையால் என் பக்கம் விசிறினார். மாற்ற வேண்டியிருந்தது ஒரே இடம்தான். "ஆகவே கேப்பை" என்று நான் முடிவு கட்டியிருந்த கடைசி வரி. அங்கேயும் கேப்பையா என்று கேட்கச் சொன்னேன். அதுவும் இல்லை என்றால் எதையும் கேட்காதே, எதுவாகவும் ஆக்காதே, பொருளாகவே விட்டுவிடு, கொண்டுவந்தவர் பெயரையும் ஊரையும் எடையையும் மட்டும் அடி என்று எழுதினேன்.

கம்பைல் செய்துவிட்டு எழுந்து நின்றேன், உட்கார்ந்துகொண்டு பார்க்கத் தைரியம் இல்லை. அமுதா அக்கா மறுபடி தட்டினார். பிரிண்டர் கர்ரென்று இழுத்துச் சீட்டைத் துப்பியது. கொண்டுவந்தவர்: சாமி. ஊர்: பெருமுக்கல். எடை இருந்தது. ஈரம், சொத்தை, பதர் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். முதலாளி சீட்டைக் கிழித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி இன்னொரு முறை படித்தார். "எங்க அப்பா காலத்துலேர்ந்து சாமி மூட்டைக்குப் போட்ட சீட்டுல ஈரம், பதருன்னு எதையாச்சும் ஒண்ணப் பொய்யா எழுதித்தான் போட்டுருக்கோம். மொத மொறையா உள்ளது உள்ளபடி வந்துக்கினு கீது."

திரும்பி வந்த பஸ்

அன்று இருட்டுவதற்குள் வரிசை முழுக்க முடிந்தது. அதற்கப்புறம் ஒரு முறைகூட நிரல் விழவில்லை. மண்டியில் எனக்கும் சேகர் அண்ணனுக்கும் வடை பாயசத்தோடு இலை போட்டார்கள். சைக்கிள் கடையும் போனும் எட்டாத தூரத்தில் இருந்ததால் நான் அந்த இலையில் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன். சரோஜா அம்மாவைத் தேடிப் போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், அவர் எடை போட்டுவிட்டு முன்னமே கிளம்பியிருந்தார். இன்றைக்கும் அந்தக் கடன் அப்படியேதான் இருக்கிறது. அன்று அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன்.

திரும்பும் பஸ்ஸில் சேகர் அண்ணன் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். வேலையைப் பற்றி நானாகக் கேட்கப் பயமாக இருந்தது. விழுப்புரம் வரப்போகிற நேரத்தில் நானே வாயைத் திறந்து, நாளைக்கு நான் வரலாமா என்று கேட்டேன். அவர் ஏதோ தெரியாத பாஷையில் பேசிவிட்டது போல என்னைப் பார்த்தார். "வராம? நாளையிலேர்ந்து ஒம்போது மணிக்கே வந்துடு. வளவனூர்ல ஒரு ரைஸ் மில்லுக்காரரு மண்டியில நின்னு பாத்துக்கினு இருந்தாரு, அவருக்கும் வோணுமாம்."

வீட்டில் சொன்னதும் அப்பா மாமாவுக்குப் போன் போட எழுந்து போனார். திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தவர் வருத்தப்படுகிறாரா சந்தோஷப்படுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா தட்டை வைத்தபோதுதான் வாயைத் திறந்தார். "மாமா கோச்சிக்கல. அவங்க கடைக்கும் பில்லு போடறதுக்கு ஒண்ணு எழுதித் தருவாளான்னு கேட்டுச் சொல்லச் சொன்னாரு."

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ நிரல்கள் எழுதி எத்தனையோ பேரை வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். என்னை நம்பிச் சும்மா நின்றது அந்தத் திண்டிவனத்துச் சனம் மட்டும்தான், மற்றவர்கள் எல்லோரும் நின்றுகொண்டே என் மேலதிகாரிக்கு மெயில் அனுப்பினார்கள்.